புட்டு மாவு மலை

அக்கா,

அப்பா தூங்கிவிட்டார். பாத்ரூம் விளக்கில் எழுதுகிறேன்.

கண்டத்தட்டுகள் மோதுவதைச் செய்துகாட்டும்படி பள்ளியில் சொன்னார்கள். அம்மா புட்டுக்குப் பிசிறி வைத்த மாவைப் பரப்பி, இரண்டு பலகைகளால் எதிரெதிரே தள்ளினேன். நடுவில் மலை எழுந்தது. தடுப்பில்லாத ஓரத்தில் மட்டும் மாவு கத்தியால் அறுத்ததுபோல் பிளந்து, பக்கவாட்டில் நழுவி வெளியேறியது. மோதலுக்கு நடுவே அகப்பட்ட நிலம் அப்படித்தான் தப்பிக்குமாம். நீ கிள்ளானில் பஸ் ஏறி ஜொகூருக்குப் போனதுதான் நினைவுக்கு வந்தது.

அப்பா பார்த்துவிட்டார்.

"திங்கிற மாவுல விளையாட்டா? இதுதான் நீ புள்ள வளர்க்கிற லட்சணமா?"

"ஸ்கூல் ப்ராஜெக்ட் லா! அவள விடுங்க!" என்று அம்மாவும் கத்தினாள்.

வழக்கம்போல நான் நடுவில் போய் நின்றேன். நாளை பள்ளிக்குப் பினஃபோர் சீருடை வேண்டாம், பாஜு கூரோங் சீருடை போட்டுக்கொள்வேன். அதற்குத்தான் காயத்தை மறைக்கும் நீளக் கை.

அவர்கள் அறைக்குப் போனபின், மிச்ச மாவை எல்லா ஓரமும் அடைத்துத் தள்ளிப் பார்த்தேன். அது எங்கும் நகரவில்லை. இருந்த இடத்திலேயே நொறுங்கியது.

நீ போனை எடுப்பதே இல்லை. உன் பக்கமாவது திறந்திருக்கிறதா, அக்கா?

நடுவில் இருக்கும்
உன் தங்கை