மெல்லப் போ என்னும் குறி

அன்புள்ள என்னங்க,

இங்கே நானும் சின்னவளும் நலம். அத்தையும் எழுந்து நடமாடுகிறார், வேளைக்கு இரண்டு வாய் சாப்பிடுகிறார். நீங்கள் கப்பலில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். மாமாவைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். "மாமா ஆஸ்பத்திரியில், பயப்பட வேண்டாம்" என்று அன்று அனுப்பிய செய்தியே ஊரைச் சுற்றிக்கொண்டுதான் உங்களிடம் வந்திருக்கும். அதற்கு மேல் எதையும் அனுப்ப வழியில்லை. நீங்கள் கேபிள் ஏற்றும் துறைமுகத்துக்குத் தபால் படகு போகிறதாம், அதில் இதைச் சேர்க்கிறேன்.

சரக்குக் கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்த நாளிலிருந்து, இந்தத் தீவே மலைக் கோபுரத்தின் ஒற்றை வழியில்தான் வெளியுலகத்தோடு பேசுகிறது. ஆறு ஓடிய இடத்தில் இப்போது ஒரு குழாய். வீட்டிலும் நிம்மதியில்லை. படம் வரவில்லை, பாட்டு வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், ஏதோ நான்தான் போய் அறுத்துவிட்டு வந்ததுபோல. சின்னவள் நேற்று, "அப்பா எந்தப் பசை போட்டு ஒட்டுவாரு?" என்று கேட்டாள். பெரிய டப்பாப் பசை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்களுக்குக் கேபிள் தெரியும். அதற்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டால், "அதெல்லாம் உன் டிபார்ட்மென்ட்" என்று கையைக் கழுவிவிடுவீர்கள். இந்த ஒரு முறை பொறுமையாகக் கேளுங்கள். நடந்ததெல்லாம் அதற்குள்தான்.

வழி குறுகினால், சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும் தகவல்கள் நான் வேலை பார்க்கும் இணைய நிலையத்துப் பெட்டியில் வரிசை கட்டி நிற்கும். வரிசை நீளத் தொடங்கியதும், கடந்து போகும் துண்டுகள் சிலவற்றின் மேல் பெட்டி ஒரு சின்னக் குறி போடும். நெரிசலாக இருக்கிறது, மெல்லப் போ என்பது அதன் அர்த்தம். போய்ச் சேரும் இடத்துக் கணினி அந்தக் குறியைப் பார்த்து, அனுப்பிய கணினிக்குத் திருப்பிச் சொல்லும். அனுப்பியது உடனே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வழி இளகினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்கும். யாரும் மிரட்டுவதில்லை. எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கினால் எல்லாருக்கும் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான். அனுப்புகிறவர்கள் குறியைக் கேட்காமல் வரிசை நிரம்பி வழிந்தால், பெட்டி துண்டுகளைக் கீழே போட்டுவிடும்.

கேட்காத கூட்டம் ஒன்று இருந்தது. துறைமுகத்திலும் தெருக்களிலும் புதிதாக மாட்டினார்களே, அந்தக் கேமராக்கள். எடுக்கும் படத்தை எல்லாம் அக்கரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். குறி என்று ஒன்று உண்டு என்பதே தெரியாமல் அவற்றைச் செய்திருக்கிறார்கள். துண்டுகள் கீழே விழுந்தாலும் கவலையில்லை, மேலும் மேலும் தள்ளும். மற்றவர்கள் ஒதுங்க ஒதுங்க அந்த இடத்தையும் அவை எடுத்துக்கொண்டன.

அன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருவர் கூப்பிட்டார். "மேடம், பக்கவாதக் கேஸ் ஒண்ணு வந்திருக்கு. தலை ஸ்கேன் எடுத்து அக்கரை டாக்டருக்கு அனுப்புறோம், நகரவே மாட்டேங்குது. அவர் பாத்துச் சொன்னாத்தான் மருந்து போட முடியும்" என்றார். திரையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கணினி மரியாதை தெரிந்த கணினி. குறி வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே கேமராக்கள், யாருமில்லாத படகுத்துறையை அக்கரைக்குக் காட்டிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரிக்குத் தனி வழி ஒதுக்கச் சில வரி ஆணை போதும். ஆனால் அந்த அதிகாரம் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. கோரிக்கை எழுதி அனுப்பினேன். அது போவதும் அதே வழியில்தானே? திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போன் போட்டேன், அதுவும் அதே வழி. அந்தப் பக்கத்து அதிகாரியின் குரல் துண்டு துண்டாக வந்தது. "கையெழுத்து... வேணும்மா... மேலிடம்..." என்பது மட்டும் புரிந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். நர்ஸும் என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். கடைசியில் அழுதேவிட்டார்.

எழுந்து வயர் அறைக்குப் போனேன். கேமராக்களின் இணைப்பு எது என்று எனக்குத் தெரியும். அழுத்திப் பிடித்து இழுத்துவிட்டேன். அவ்வளவுதான் வேலை. திரும்பி வந்து பார்த்தால், வரிசை கரைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கணினி முதலில் நம்பாததுபோல் கொஞ்சம் கூட்டியது, பிறகு இன்னும் கொஞ்சம், அப்புறம் ஓட ஆரம்பித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு டீ வாங்கிவரச் சொன்னேன்.

டீ வருவதற்குள் நர்ஸ் கூப்பிட்டார். "போயிடுச்சு மேடம், முழுப் படமும் போயிடுச்சு! கண்டக்டர் ஐயா வீட்டுக்குச் சொல்லணும், அந்த அம்மா வெளியில ஒத்தையா உக்காந்திருக்காங்க" என்றார். எந்தக் கண்டக்டர் என்று கேட்டேன். பழைய கடற்கரை பஸ் கண்டக்டர் என்றார். அது நம் மாமா என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சத்தியமாக அதுவரை தெரியாது. அத்தை காலையிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், அந்த அழைப்புகளும் வரிசையில் எங்கோ நின்றிருக்கின்றன.

அக்கரை டாக்டர் படத்தைப் பார்த்ததும் உடனே பதில் சொல்லிவிட்டார். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு ஒரு நேரம் உண்டாம். அந்த நேரம் தாண்டிவிட்டால் போடுவதே ஆபத்தாம். "கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா போட்டிருக்கலாம்" என்று சொன்னதாக வார்டு டாக்டர் என்னிடம் சொன்னார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். அனுமதியில்லாமல் இணைப்பைப் பிடுங்கியதற்கு விளக்கம் கேட்டார். நோயாளி யார் என்று தெரியாமல்தான் செய்தேன் என்றேன். "உங்க மாமனார்னு தெரியாதா? யார்கிட்டம்மா கதை விடுறீங்க?" என்று சிரித்தார். அவரை விடுங்கள். அத்தையும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம வீட்டு மனுஷன்னு துணிஞ்சு செஞ்சியேம்மா, நல்லா இருப்பே" என்றார். இல்லை அத்தை என்று சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும். யாரோ ஒருவருக்காகத்தான் பிடுங்கினேன். யாரோ ஒருவருக்கும் அது போதவில்லை.

அந்த வயரை அன்று மாலையே மறுபடி சொருகிவிட்டார்கள். வயர் அறைச் சாவி இப்போது மேலாளரின் சட்டைப்பையில். ஆஸ்பத்திரிக்குத் தனி வழி கேட்ட என் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறதாம். நான் தினமும் போய் உட்கார்ந்து, குறிகள் விழுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன். நேற்றுக்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் எதையோ அனுப்பப் போராடிக்கொண்டிருந்தது. யாருடையது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி மாமா. வலது கை, வலது கால் அசையவில்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து தெருக்கோடி வரை கேட்ட அந்தக் குரல் போய்விட்டது. ஒரு சத்தம் மட்டும் வருகிறது, அது அவருக்கே பிடிக்காமல் வாயை மூடிக்கொள்கிறார். நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. உங்கள் பெயரைச் சொன்னால் கதவைப் பார்க்கிறார். படகில் அக்கரைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். இந்த நிலையில் கடல் தாங்காது என்றார் டாக்டர். சில நாளாக மூச்சும் சரியில்லை.

புறப்பட்டு வாருங்கள் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். இந்தத் தாளுக்கு முன் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கேபிளை ஒட்டத் தெரிந்தவர் அந்தக் கப்பலில் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் இங்கே வந்தால் அந்த வார்டில் இருக்கும் மற்றவர்கள் என்ன ஆவார்கள்? வராவிட்டால் மாமா என்ன ஆவார்? இரண்டையும் எழுதிவிட்டேன், எனக்கு விடை தெரியவில்லை. முடிவை உங்களிடமே விடுகிறேன், என்னை மன்னியுங்கள்.

எது எப்படியானாலும் ஒன்று கேட்கிறேன். கேபிள் ஒட்டி முடிந்து வழி திறந்ததும், கப்பலிலிருந்து முதல் அழைப்பு அலுவலகத்துக்கு வேண்டாம், வார்டுக்குப் போடுங்கள். போனை நான் அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன். மறுமுனையில் சத்தம் வராவிட்டால் லைன் போய்விட்டதோ என்று நினைத்து வைத்துவிடாதீர்கள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருங்கள். கடல், காற்று, சாப்பாடு, எதுவாக இருந்தாலும் சரி. நான் போதும் என்று சொல்லும்வரை பேசுங்கள்.

நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் வரவையோ குரலையோ எதிர்பார்த்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி