மொட்டைமாடிக் கதவு

கலைமதி,

அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறேன், காலையில்தான் வருவேன். குழம்பு இருக்கிறது, சுட வைத்துக்கொள்.

மாடி வீட்டு அமலா வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட சாயந்திரம் வருவாள். "சட்டம் மாறிப்போச்சு நைனா, வாய்ப்பேச்சுல வீடு வுட முடியாது, எல்லாம் எழுத்துல இருக்கணும்" என்று நேற்று சண்டை போட்டாய். சரிதான். அப்படியென்றால் உன் அம்மா வாயால் சொன்னதும் எழுத்தில் இருக்கட்டும்.

அமலா குடிவந்த அன்று அம்மா சொன்னாள்: "மொட்டைமாடிக் கதவ பூட்டவே மாட்டோம், நீயும் வந்து குந்து." அன்றுமுதல் அந்தியில் இருவரும் அங்கேதான். எதிரே ராஜகிரி மலை மெல்ல இருட்டில் கரையும். அவர்கள் குரல் மட்டும் கீழே இறங்கி வரும். அம்மா இறந்த பிறகு, இப்போதும் சில நாட்களில் அமலா அங்கே தனியாகப் பேசுவது கேட்கிறது. யாரிடம் என்று நான் கேட்டதில்லை.

கதவைப் பூட்டி அங்கே உனக்கு ஒரு அறை கட்டலாம் என்றாயே, அது வேண்டாம். ஒப்பந்தத்தின் கடைசியில் அம்மா சொன்ன அந்த வரியை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அமலாவுக்குப் படித்துக் காட்டு.

நைனா

உனக்கு அறை வேண்டுமென்றால் என் அறையை எடுத்துக்கொள். நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். மாடிப் பேச்சு அங்கேதான் நன்றாகக் கேட்கும்.