மூன்று நாள் பட்டினி

திருச்சிலுவை துணை

மணப்பாடு,
டிசம்பர் 2

அன்புள்ள ஜெமிமா அப்பாவுக்கு,

அந்தோணியம்மாள் எழுதுவது. இந்தக் கடிதத்தை, புதிதாக வேலைக்கு வரும் நம் ஊர்ப் பையன் ஜெனோ கையில் கொடுத்துவிடுகிறேன். அவன் வெள்ளிக்கிழமை சிங்கப்பூரில் உங்கள் கப்பலில் ஏறுகிறான். போனில் நான் சர்க்கரை என்று வாயெடுத்தாலே, பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. முழுக்க வாசியுங்கள்.

இங்கே நான்கு நாளாக மழை. பின்பக்கத்து ஒழுகலை அடைத்தாயிற்று. ஜெமிமா நர்சிங் காலேஜிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள்.

நீங்கள் அவளுக்கு அனுப்பிய கால் போட்டோவைப் பார்த்துவிட்டேன். அம்மாவிடம் காட்டாதே என்று எழுதியிருந்தீர்களாமே, நல்ல அப்பா! பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் போனை என் மடியில் போட்டுவிட்டு அழுதாள். ஷூ கடித்த புண்ணாம், ஏழு வாரமாக ஆறவில்லையாம், ஆனால் வலியே இல்லையாம். அந்த வலி இல்லாததுதான் பயம் என்கிறாள்.

போன கிறிஸ்துமஸை நினைத்தால் என்னையே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கப்பலிலிருந்து ஆள் வந்தால் நம் ஊரில் வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு வரும். கொண்டுவந்தவர் கண்முன்னால் ஒரு வாய் தின்றால்தான் மரியாதை. முந்திரிக்கொத்து, தொதல், கேக் என்று ஒரு மாதம் தின்றீர்கள். லீவில் மாத்திரைக்கும் லீவு என்று சிரித்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன், பாவி.

பிறகு, திரும்பக் கப்பல் ஏறுவதற்கான மெடிக்கல் டெஸ்டுக்கு முன்னால் மூன்று நாள் பட்டினி. முன்னே உங்களோடு கப்பலில் இருந்த ரோச் அண்ணன் சொல்லிக்கொடுத்த வழி. மோர் கரைத்துத் தந்தது நான். நீங்கள் தூத்துக்குடிக்கு பஸ் ஏறியதும் கோவிலுக்கு ஓடி மெழுகுதிரி கொளுத்தி, டெஸ்டில் சர்க்கரை காட்டக்கூடாது என்று முழந்தாளிட்டு வேண்டினேன். காட்டவில்லை. கப்பலில் யாருக்கும் தெரியாமலிருக்க விட்டமின் டப்பாவில் மாத்திரையைப் போட்டுத் தந்ததும் நான்தான். ஆறு மாதத்துக்குத்தான் தந்தேன். இது பத்தாவது மாதம். மிச்ச நாளெல்லாம் எதைப் போட்டீர்கள்?

ரோச் அண்ணனுக்குக் காலில் கட்டுப் போட்டிருக்கிறது என்று போனில் சொன்னேனே, அது பொய். முட்டுக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். என் முகத்தைப் பார்க்காமல், "இஞ்ஞாசிகிட்ட சொல்லு, நான் சொல்லிக்குடுத்தத அவன் செய்யாண்டாம்னு" என்றார்.

இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தட்டு வராது. வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். உங்கள் அக்கா ஜெயபாய் மதினி, "கப்பல்லேருந்து வாரவனுக்குக் கஞ்சியா ஊத்தப்போற?" என்று எகிறினாள். மீன்குழம்பும் கீரையும் ஒரு கை சோறும் என்றேன். பூசை முடிந்து வந்ததும் ஒரே ஒரு துண்டு கேக், அதிலும் பாதி எனக்கு. கால் ஆறினபிறகு தினமும் கலங்கரை விளக்கம் வரை நடை. நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் அவ்வளவுதான்.

எதற்கு இதெல்லாம் என்று மதினி விடாமல் கேட்டாள். உங்களுக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டேன். ஐந்து வருடமாக நாம் மூடி வைத்தது ஒரு பகலில் ஊர் முழுக்கப் போய்விட்டது. கம்பெனிக்கும் போகும். வந்து என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் லீவுக்கு இறங்கும் இருபத்திரண்டாம் தேதி வரை காத்திருக்காதீர்கள். இதை வாசித்த கையோடு கேப்டனிடம் போங்கள். காலைக் காட்டுங்கள், அந்த டப்பாவையும் காட்டுங்கள். கரையில் இறக்கி டாக்டரிடம் கொண்டுபோவார்கள். இருபத்தாறு வருட வேலை அதோடு முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கப்பல் இல்லாமல் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நேற்றும் கோவிலுக்குப் போனேன். அதே இடத்தில் முழந்தாளிட்டு, அதே மாதிரி மெழுகுதிரி கொளுத்தினேன். இந்தத் தடவை எல்லா டெஸ்டிலும் சர்க்கரை காட்ட வேண்டும், இனி எந்தக் கப்பலும் உங்களை ஏற்றக்கூடாது என்று வேண்டியிருக்கிறேன். என் பழைய வேண்டுதலை ஆண்டவர் மன்னித்து, உங்களை இரண்டு காலோடு இந்த வாசலில் கொண்டுவந்து விடட்டும்.

இப்படிக்கு,
உங்கள்
அந்தோணியம்மாள்