திரையில் நகர்ந்த புள்ளி

வியாழக்கிழமை, இரவு

கடற்படை முகாமின் கணினி வலையமைப்பைத் திருத்த, கம்பெனி இன்று என்னை அனுப்பியது. மின்னல் தாக்கி ஒரு கருவி எரிந்திருந்தது. அதை மாற்றியதும் திரையில் ராடார் படம் வந்தது. கடலில் நின்ற வள்ளங்கள் புள்ளிகளாகத் தெரிந்தன. ஒன்று மட்டும் இந்திய எல்லைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "தங்கச்சிக்கு ஊர் பள்ளிமுனைதானே? அது யாரோட போட், தெரியுமா?"

அந்தப் பக்கம் வலை விடப் போவது என் அண்ணன் அன்ரன்தான். "தெரியாது, சேர்" என்றேன். உடனே ரோந்துப் படகு புறப்பட்டது. கடத்தல்காரர் என்று பிடித்துவிட்டால்? நான் திருத்திய படம்தானே அவரைக் காட்டிக்கொடுத்தது? வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இருக்கவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால், அண்ணன் முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"எஞ்சின் நிண்டுபோச்சு. காத்து இழுத்துக்கொண்டு போட்டுது. நேவிக்காரர்தான் கட்டி இழுத்து வந்தவங்கள். அவ்வளவு தூரத்தில நிண்ட என்னை எப்பிடிக் கண்டவங்களெண்டு விளங்கேல்லைப் பிள்ளை."

"எனக்கும் தெரியாது அண்ணா" என்றேன்.

இரண்டு பேரிடமும் ஒரே பொய். அண்ணனிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், இனிக் கடலில் எங்கே நின்றாலும் நான் பார்த்துக்கொண்டிருப்பதாகவே அவருக்குத் தோன்றும். மற்ற வள்ளக்காரருக்கும் சொல்லுவார்.

கருவிகளைச் சரிபார்க்க அடுத்த கிழமையும் என்னையே வரச் சொல்லி அதிகாரி கேட்டிருக்கிறார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.