மலையில் எனக்கு நீங்கள் வைத்த பெயர்

செருப்பு அலமாரியின் அடித்தட்டைத் துடைக்கலாம் என்று இன்று காலை உட்கார்ந்தேன். உங்கள் மலையேறும் பை இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஜிப்பைத் திறந்ததும் புகையிலை வாடை முகத்தில் அடித்தது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் என் கை முதலில் செய்த வேலை, பையின் உள்ளறைகளைத் தடவிப் பார்த்ததுதான். சிகரெட் எதுவும் இல்லை. அட்டை கடிக்காமல் இருக்கப் புகையிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த காலுறைகள்தாம் இருந்தன, உங்களுடையதும் என்னுடையதும். சிகரெட்டை விட்ட மனிதர் கடையில் போய்ப் புகையிலை கேட்கிறாரே என்று அன்றைக்கே உங்களைச் சந்தேகப்பட்டேன். "அட்டைக்கு வாங்கறேன், எனக்கில்ல" என்றீர்கள். என் புத்தி அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா?

புகையிலை சின்னச் சந்தேகம். பெரிய சந்தேகத்தின் பெயர் நிர்மலா. அதை இன்றைக்காவது உங்களிடம் முழுசாகப் பேசிவிட வேண்டும்.

பாசிர் கூடாங் பேக்டரியில் ஓய்வு கொடுத்த கையோடு உங்களுக்கு மலைப் பைத்தியம் பிடித்தது. மாசாயில் வீட்டுப் பக்கத்துத் திடலைச் சுற்றி நடந்தால் சர்க்கரை குறையாதா என்று கேட்டேன். உங்கள் காதில் ஏறவில்லை. லேடாங் மலையில் ஒரு பக்கம் ஏறி, மேலே கூடாரம் போட்டுத் தங்கி, உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் நீண்ட பாதைக்கு என்னையும் இழுத்தீர்கள். இறங்கியதும் தங்காக்கில் புடவை வாங்கித் தருவதாகப் பேச்சு. நான் புடவைக்காகத்தான் வந்தேன், மலைக்காக அல்ல.

அடிவாரத்தில் வழிகாட்டி பாக் மான் நம்மை நிறுத்தினார். காட்டுக்குள் போனபின் யாரையும் சொந்தப் பெயரில் கூப்பிடக் கூடாது, காடு அந்தப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளும், பிறகு அதைச் சொல்லியே ஆளைத் தன் பக்கம் அழைத்துவிடும் என்றார். அவர் மலாயில் சொன்னதை நீங்கள் எனக்குத் தமிழில் வேறு விளக்கினீர்கள், எனக்கு மலாய் தெரியாதது போல. நான் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, 'ஏங்க'தான். அதைக் கேட்டுப் பாக் மான் சிரித்தார், அதுவே போதும் என்றார். நீங்கள்தான் வீட்டில் நாளெல்லாம் என் பெயரை ஏலம் போடுகிறவர். அதனால் எனக்குத்தான் ஒரு காட்டுப் பெயர் தேவைப்பட்டது.

"நிர்மலா" என்றீர்கள்.

யோசிக்கவே இல்லை. மார்க்கெட்டுக்குப் போனால் கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று நின்ற இடத்திலேயே நிற்கிற மனிதர். பையனுக்குப் பெயர் வைக்க இழுத்தடித்து, பிறப்புப் பத்திரம் எடுக்கப் போன வழியில்கூட மனம் மாறியவர். அப்படிப்பட்டவர் வாயில் அந்தப் பெயர் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது.

"யாருங்க நிர்மலா?"

"சும்மா வாயில வந்துச்சு லா."

"சும்மா எப்படி வரும்? உள்ள இருந்தாத்தான வெளிய வரும்?"

"அட, அலமாக்! நடம்மா, மழை வரப்போகுது."

மழை வரவில்லை. அதையும் நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

போகப் போகச் சந்தேகம் கூடிற்றே தவிரக் குறையவில்லை. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் பாக் மான் வாய் திறப்பதற்குள் நீங்கள் இடது பக்கம் திரும்பினீர்கள். முன்னே வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இளவயதில் பேக்டரிக் கூட்டாளிகளோடு ஒருமுறை வந்ததாகச் சொன்னீர்கள். இத்தனை வருடக் குடித்தனத்தில் ஒருநாள்கூடச் சொல்லாத கதை. கூட்டாளிகளில் பெண்கள் உண்டா என்றேன். "கால்ல அட்டை பாரு" என்றீர்கள். குனிந்து பார்த்தேன். அட்டை இருந்தது உண்மைதான், ஆனால் அது பதில் இல்லையே.

கயிறு கட்டிய பாறையில் நீங்கள் முதலில் ஏறி, மேலே படுத்துக்கொண்டு கையை நீட்டினீர்கள். "நிர்மலா, கயித்த விட்டுடாத. நான் இருக்கேன்ல, மெதுவா வா." அவ்வளவு மிருதுவாக என்னோடு வீட்டில் பேசியதில்லை நீங்கள். அந்தப் பெயருக்கு மட்டும் ஒரு தனிக் குரல். ஏறி வந்து உங்கள் கையை உதறினேன்.

அதற்கு மேலேதான் மூடுபனி. பாக் மான் முன்னே, நடுவில் நீங்கள், பின்னால் நான். கால் வலித்ததால் ஒரு வேரில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உங்கள் குரல் வந்தது. "நிர்மலா." மறுபடி, "நிர்மலா, எங்க இருக்க?" யாரைக் கூப்பிடுகிறீர்களோ அவளே வந்து பதில் சொல்லட்டும் என்று இருந்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், நான் செய்தது சரிதான்.

வழுக்கி விழுந்து எழுந்து, முழங்காலெல்லாம் சேறாகத் திரும்பி வந்தீர்கள். பனிக்குள் நான் உங்களைப் பார்த்துவிட்டேன், நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. என் சொந்தப் பெயரின் முதலெழுத்துக்கு வாய் திறந்தது. உடனே உங்கள் கையாலேயே அந்த வாயைப் பொத்திக்கொண்டீர்கள். அப்புறம் கையை எடுத்துவிட்டு, அழுகிற குரலில், "நிர்மலா" என்று கத்தினீர்கள்.

"இங்கதான் இருக்கேன், கத்தாதீங்க" என்றேன்.

நீங்கள் திட்டவில்லை. அங்கிருந்து கூடாரம் வரைக்கும் என் பை வாரை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். குற்றமுள்ள நெஞ்சு என்று அதற்கும் ஒரு கணக்கு எழுதினேன்.

மறுபக்கம் இறங்கித் தங்காக் துணிக்கடையில் எனக்குப் பச்சைப் புடவை எடுத்தோம். கடைக்குள் யாரோ ஒரு அம்மா, "நிர்மலா, இந்தக் கலரு பாரு" என்று கூப்பிட்டார். நீங்கள் சட்டென்று திரும்பினீர்கள். நம் இரண்டு பேருக்கும் நடுவில் புடவை அடுக்கு. நீங்கள் தேடியது என்னையா, அந்தப் பெண்ணையா என்று எனக்குத் தெரியவில்லை. புடவை மட்டும் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து துப்புத் துலக்கினேன். உங்கள் பேக்டரிக் கூட்டாளியிடம் ஜாடையாகக் கேட்டேன். "நிர்மலா இல்லாத பேக்டரி எங்கக்கா இருக்கு?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சாஆ தோட்டத்தில் உங்களோடு வளர்ந்த உங்கள் அக்காவிடம் கேட்டேன். "நம்ம லயத்து வீட்டு வரிசையிலயே ரெண்டு பேரு இருந்தாங்க, எந்த நிர்மலாவச் சொல்ற?" என்றார். ஒருத்தியைத் தேடினால் ஊரெல்லாம் நிர்மலாவாகக் கிளம்பினார்கள். நீங்கள் போன பிறகும் நான் விடவில்லை. கருமாதிக்கு வந்த பெண்களில் ஒருத்தி தேவைக்கு மேல் அழுதாள். பக்கத்தில் போய்த் தண்ணீர் கொடுத்து, பெயரைக் கேட்டேன். சாந்தி என்றாள். உங்களோடு வேலை பார்த்தவரின் மகளாம். அதற்கப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கியது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கடைசி நாளின் மத்தியானம். உங்கள் மூக்கில் குழாய், கண் மூடியே இருந்தது. தண்ணீர் குடிக்க நான் வெளியே நடைபாதை பெஞ்சுக்கு வந்திருந்தேன். மலாய் நர்ஸ் பிள்ளை ஓடி வந்து மலாயில் கேட்டாள்.

"ஆன்ட்டி, நிர்மலா யாரு? அங்கிள் அந்தப் பேரையே கூப்பிடறாரு. சொந்தக்காரங்களா? போன் போட்டு வரச் சொல்லணுமா?"

அத்தனை வருடமாக நான் கேட்டுத் திரிந்த கேள்வியை அந்தப் பிள்ளை என்னிடமே கேட்டாள். ஒரு கணம், போகட்டும், அந்தப் பெண் எங்கேயாவது இருந்தால் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுகூடத் தோன்றியது. எங்கே போய்த் தேடுவது? எழுந்தேன்.

"நான்தான்" என்றேன்.

உள்ளே வந்து உங்கள் கையைப் பிடித்தேன். கண்ணைத் திறக்காமலே என் விரல்களைத் தடவிப் பார்த்தீர்கள். "கயித்த விட்டுடாத" என்றீர்கள். "விடலங்க" என்றேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

உங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தது எதுவோ, அதன் காதில் என் பெயர் விழக்கூடாது என்றுதான், மலையில் வாயைப் பொத்திக்கொண்டது போலவே, ஆஸ்பத்திரியிலும் நிர்மலா என்றே கூப்பிட்டீர்கள். பாதி நாள் எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அப்போதெல்லாம் உங்களை நினைத்து அழுகிறேன். மீதி நாள், அந்தப் பாறையில் எனக்கு முன்னால் நீங்கள் யாருக்குக் கை கொடுத்தீர்களோ என்று இருக்கிறது. அந்த நாட்களிலும் அழுகிறேன், கொஞ்சம் கோபத்தோடு.

காலுறைகளைத் துவைக்கவில்லை. பையிலேயே வைத்து மூடிவிட்டேன்.

நேற்று மாசாய் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ, "நிர்மலா" என்று கூப்பிட்டார்கள். "என்னங்க" என்று திரும்பிவிட்டேன். அதற்கப்புறம்தான், என் பக்கத்தில் இன்னொருத்தியும் திரும்பினாளே, அவளுக்கு என்ன வயது இருக்கும் என்று பார்த்தேன்.