அலமாரி மேல் போன்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. நீயாவது அங்கே உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பிள்ளை சிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுதான் வீட்டுக்கு வந்தாள். நெஞ்சுச் சளி என்று மாப்பிள்ளை உன்னிடம் சொல்லியிருப்பார், உன் மனம் நோகுமே என்று மீதியை விழுங்கிவிட்டார். எனக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை. அன்றைக்கு அவள் சாப்பிடும்போது வீடியோவில் கூப்பிட்டாய், பிள்ளை முழுசாகத் தெரியவில்லை என்று போனை அலமாரி மேல் வைக்கச் சொன்னாய். அங்கேயிருந்து நீ கொஞ்சக் கொஞ்ச அவள் அண்ணாந்து சிரித்தாள், வாயிலிருந்த மசித்த சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. புரையேறி அவள் முகம் நீலம் பாரித்தபோது, ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்று நீ போனை வைத்துவிட்டிருந்தாய். உள்ளே போன அந்தச் சாப்பாடுதான் நெஞ்சுச் சளியாகி அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. கழுத்து பின்னால் சாயக் கூடாது, எதிரே தாழ்வாக உட்கார்ந்து ஊட்டுங்கள் என்று சாப்பிடப் பழக்கும் தெரபிஸ்ட் தலைபாடாக அடித்துக்கொண்டார், உன்னிடமும்தான் சொன்னார்.

இந்த லட்சணத்தில் எடை ஏறவில்லை என்று உனக்குக் கோபம் வேறு. ஒரு வாய் ஊட்டத் துப்பில்லையா என்று மாப்பிள்ளையைக் கேட்டாயாம். அவள் கரண்டியைக் கடித்தால் அடம் பிடிக்கிறாள் என்கிறாய். அது அடமில்லை அம்மாடி, மூளை முடக்குவாதத்தில் தாடை தானாக இறுகிக்கொள்கிறது, அது தளரும்வரை கரண்டியை இழுக்காமல் அந்த மனுஷர் காத்திருக்கிறார். அப்படிக் காத்திருந்து ஊட்டித்தான் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது, அதுவும் ஆஸ்பத்திரியில் கரைந்துவிட்டது. பெற்ற மகளை விட்டு மாப்பிள்ளைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பாய், ஆமாம், வாங்குகிறேன். இன்னொரு தடவை சாப்பாடு நெஞ்சுக்குள் போனால் வயிற்றில் குழாய் வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். குழாய் வைப்பது குற்றமில்லை, பிள்ளை வளர அதுவும் சாப்பாடுதான், ஆனால் நம் அஜாக்கிரதையால் அவள் மூச்சுத் திணறியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி சாப்பாட்டு வேளையில் போன் கிடையாது என்று சொல்லிவிட்டேன். நேற்று சாயங்காலம் அவளை உட்கார வைத்ததும் கரண்டியைப் பார்க்கவேயில்லை, காலி அலமாரியையே அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அம்மா என்றால் அங்கேதான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கோபமாக எழுதினாலும் நீ நல்லபடி இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. மறக்காமல் லீவுக்குச் சொல்லிவிடு. வந்து அவள் முன்னால் தரையில் உட்கார், அவள் குனிந்து உன்னைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா