சித்தப்பா கடையின் ஒன்பதடிப் பலகை

என் கண்ணான மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தாலே எனக்குப் பாதி பாரம் குறையும். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு ஆபீஸ் வலி, மற்றபடி சுகம்தான். பழைய தெருவில் பெயர்ப்பலகைகளுக்கு விதி வந்திருக்கிறதென்று போனில் சொன்னேன் அல்லவா, நான்கடிக்கு மேல் நீளம் கூடாது, எழுத்து நான்கு அங்குலம் தாண்டக் கூடாது, உள்ளே விளக்கு எரியக் கூடாது, ஜன்னலையும் தூணையும் மறைக்கக் கூடாது. எங்கள் நகராட்சி ஆபீஸில் அதை எழுதிய நான்கு பேரில் நானும் ஒருத்தி. நூறு வருஷத்துக் கட்டடங்கள் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் மூச்சுத் திணறி நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் எழுதினோம். டேப்பைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவதும் என் தலையில் விழும் என்று அப்போது தோன்றவில்லை. பேக்கரிக்காரர், "மேடம், பலகைய வேணா பாதியா மடிச்சு வச்சுக்கவா"ன்னு கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த கடை உன் சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடை.

அளந்தேன், ஒன்பதடி. அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. "கண்ணு தெரியாதவங்கதானே அண்ணி என் கடைக்கு வர்றாங்க, அவங்களுக்குப் பொடி எழுத்துல எழுதி வைக்கச் சொல்றீங்களே" என்றார். விதிவிலக்கு கேட்டு மனுப் போட்டார். சொந்தக்காரி நான் அந்த ஃபைலைத் தொடக் கூடாது என்று மேலதிகாரியிடம் தள்ளிவிட்டேன், அவர் ஒரே வரியில் நிராகரித்துவிட்டார். குடும்பத்தில் யார் நம்புவார்கள்? உன் அப்பாவே, "அளக்கறதுக்காவது வேற ஆள அனுப்பியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொன்னது நியாயம்தான் என்பதால் எனக்கு இன்னும் அலுப்பு.

போன மாதம் பலகையை இறக்கினார்கள். பின்னால் மாடி ஜன்னல் ஒன்று இருந்திருக்கிறது. அந்த அறையில்தான் உன் சித்தி பதினோரு வருஷமாகப் பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுக்கொண்டு லென்ஸ் வெட்டியிருக்கிறாள். ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள், என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். சந்தோஷப்பட்டால் புருஷனுக்குத் துரோகம் என்று நினைத்தாளோ என்னவோ.

முந்தாநாள் உன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் தடுமாறிக்கொண்டே என் ஆபீஸுக்கு வந்து, "கண்ணாடிக் கடைய எங்க மாத்திட்டாங்கம்மா, ரெண்டு தடவ தெருவ அளந்துட்டேன்" என்றார். கடை அங்கேயேதான் இருக்கிறது, சின்னப் பலகை அவர் கண்ணுக்குப் படவில்லை. அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கே, பலகை நான்கடியே இருக்கட்டும், கண்ணாடிக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் எழுத்தைப் பெரிதாக்கலாம் என்று திருத்தம் எழுதிக் கொடுத்தேன். நடக்குமா தெரியாது, கூட்டத்தில் எல்லாருமே களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அன்று கடையில் வாத்தியாரை உட்கார வைத்துவிட்டுத் திரும்பினேன். சித்தப்பா, "அண்ணி, அதக் கழட்டுங்க" என்றார். என் கண்ணாடியின் ஒரு காது எத்தனையோ நாளாகக் கோணியிருந்தது, நான் கவனிக்கவேயில்லை. வாங்கித் திருகாணியை முடுக்கினார், துடைத்தார். அந்த இரண்டு நிமிஷமும் எதிரே நின்றவர் முகம் எனக்குத் தெரியவில்லை. கோபமா, வருத்தமா, ஒன்றும் புரியவில்லை. வாங்கி மாட்டிக்கொண்டு பார்த்தபோது அவர் வாத்தியார் பக்கம் திரும்பியிருந்தார்.

நீ அவருக்கு ஒரு போன் போடு. பலகை பற்றி எதுவும் கேட்காதே, சும்மா பேசு, உன் குரல் கேட்டால் இளகிவிடுவார். இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ராசியாக இருங்கள், நல்லா இருப்பீர்கள்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா